கஸ்பார் மொத்தாவின் முதுகு

பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை நிறுக்கிற தராசின் மேல் கஸ்பார் மொத்தா ஏறி நின்றபோது, கிட்டங்கியில் இருந்த இருபது பேரும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவரை அங்கே கூட்டி வந்தவன் மாடக்கண்ணு. பனங்காட்டுப் பக்கமிருந்து தூத்துக்குடிக்குப் பிழைக்க வந்து, சில வருஷம் இந்தக் கிட்டங்கியில் பேல் உருட்டியவன். இப்போது கஸ்பாருடன் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கும் வேலைக்குப் போகிறான். ஆஸ்பத்திரித் தராசு இருநூறு ராத்தலோடு முடிந்துவிட்டதால், வேறெங்காவது நிறுத்து எழுதிக்கொண்டு வரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். ஊரில் அதைவிடப் பெரிய தராசு எங்கே இருக்கிறது என்று மாடக்கண்ணுவுக்குத் தெரியும்.

நிறுவைக்காரர் தண்டில் குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். தண்டு சமமாக நின்றதும், பேல்களுக்குக் கூவுகிற அதே ராகத்தில், வாசல் வரை கேட்கும்படி கூவினார்.

"இருநூத்தி நாப்பத்தெட்டு!"

பேல்களுக்கு மார்க்குப் போடுகிறவன் மைத்தூரிகையோடு வந்து நின்றான். "முதுகுல மார்க்குப் போட்டுரட்டுமா அண்ணாச்சி? கொழும்புக்கா, லிவர்பூலுக்கா?"

"முதுகைத் தொடாதலே. அதுக்குத்தான் வைத்தியம் பார்க்க வந்திருக்காரு" என்றான் மாடக்கண்ணு. கிட்டங்கியே சிரித்தது.

கஸ்பார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தராசுத் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இருநூற்றைத் தாண்டிக் கொஞ்சம் இருக்கும், மிஞ்சினால் இருநூற்றுப்பத்து என்று நினைத்துத்தான் ஏறியிருந்தார். நாற்பத்துநாலு வருஷம் ஒரு உடம்புக்குள்ளேயே குடியிருந்தும் அது எவ்வளவு என்று பஞ்சுத் தராசு சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. ஏறக்குறைய நாற்பது ராத்தல் அவருக்குத் தெரியாமல் அவர் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது எப்போது வந்தது?

"இறங்கும் அண்ணாச்சி. அடுத்த பேல் நிக்கிது" என்றார் நிறுவைக்காரர்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இடப்பக்கம், யாரோ கொக்கியைப் போட்டு இழுப்பது போன்ற அந்த வலி வந்தது. மாடக்கண்ணுவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பற்களைக் கடித்து, காலைத் தரையில் வைத்தார்.

அது 1944ஆம் வருஷம். சங்குக் காலம் தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது.

கஸ்பார் இருபத்தெட்டு வயது வரை தாமே கடலில் முங்கியவர். எட்டுப் பாக ஆழம், ஏறக்குறைய ஐம்பது அடி, அவருக்கு வீட்டு முற்றம் மாதிரி. ஒரு நாள் கீழே இருக்கும்போது இடது காதில் ஊசி இறங்கியது போலிருந்தது. மேலே வந்தபோது காதிலிருந்து இரத்தம் வழிந்தது. அதோடு முங்கல் போயிற்று. பசி மட்டும் போகவில்லை. முங்குகிறவன் காலையில் வயிற்றைக் காயப்போட்டுவிட்டு, கரைக்கு வந்த பிறகு மொத்தமாகச் சாப்பிடுவான். வேலை மாறியும் கஸ்பாரின் சாப்பாடு மாறவில்லை.

மாறிய வேலை, கயிறு பிடிப்பது. முங்குகிறவன் ஒரு கல்லின் மேல் காலை வைத்துக்கொண்டு அடிக்குப் போவான். போனதும் கல்லை மேலே இருப்பவன் இழுத்துக்கொள்வான். அது மாடக்கண்ணுவின் வேலை. அடியில் சங்கைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு, மூச்சு முட்டும்போது முங்குகிறவன் இன்னொரு கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். அதைப் பிடித்திருப்பவன் அந்தக் கணமே பையையும் ஆளையும் சேர்த்து இழுத்துவிட வேண்டும். கல்கயிற்றை யாரும் பிடிக்கலாம். ஆள்கயிற்றை யாரும் பிடித்துவிட முடியாது. மொத்தா குடும்பத்தில் அதைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான் என்பது அவர்கள் கணக்கு. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை போகிற முதல் கடலன்று, பெண்ணே கரைக்கு வந்து கயிற்றின் நுனியைத் தன் அண்ணன் கையில் கொடுப்பாள்.

கஸ்பாரின் தங்கச்சி இசபெல்லா அப்படிக் கொடுத்து எட்டு வருஷமாகிறது. கயிற்றின் அந்தப் பக்கம் இருப்பவன் அவள் புருஷன் தொம்மை. நெட்டையானவன், அதிகம் பேசமாட்டான்.

கயிறு பிடிக்கிறவன் பருத்திருந்தால் வள்ளத்தில் யாரும் குறை சொல்வதில்லை. "கனத்த கை இருந்தா கயிறு தானா வரும்" என்று தண்டல் பிலேந்திரன், வள்ளத்தை நடத்துகிறவர், பெருமையாகவே சொல்வார். கஸ்பாரும் தம் வயிற்றை வேலைக்கான சாமானாகத்தான் நினைத்திருந்தார். நினைப்பு எவ்வளவு தூரம் உண்மை என்று அவர் ஒரு நாளும் நிறுத்துப் பார்க்கவில்லை.

கரையில்தான் பேச்சு வேறாக இருந்தது. யுத்த காலம்; அரிசிக்குக் கண்ட்ரோல். மற்றவர்கள் மெலிந்துகொண்டே போகையில் ஒருவர் மட்டும் பெருத்தால் ஊர் சும்மா இருக்குமா? கண்ட்ரோல் கடை வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணாச்சி, உமக்கு மட்டும் வேற படியில அளக்குதானோ?" பிறகு யாரோ மொட்டை மனு எழுதிப்போட, ஒரு அதிகாரி இரண்டு சேவகர்களோடு வந்து பதுக்கல் அரிசியைத் தேடினார். கட்டிலின் கீழே கிடைத்தது ஒரு குவியல் மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுப் பானையும். முதுகுவலியில் நடமாட முடியாமல் கட்டிலில் கிடக்கையில் கஸ்பாரின் கை எட்டும் இடத்தில் அந்தக் கிழங்குதான் இருந்தது. கிடந்ததால் தின்றார், தின்றதால் கனத்தார், கனத்ததால் வலித்தது, வலித்ததால் கிடந்தார். எங்கே தொடங்கியது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அதிகாரி போன பிறகு அவர் பெண்டாட்டி விக்டோரியா சொன்னாள்: "வீட்டுல அரிசியைத் தேடுதான், மடையன். உம்ம வயித்தைத் தட்டிப் பார்த்திருந்தா விவரம் தெரிஞ்சிருக்கும்."

எடைச் சீட்டைப் பார்த்த டாக்டர் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். நாலாவது அழுத்தலில் கஸ்பாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இது சுளுக்கு இல்ல. எத்தனை வருஷமா இருக்கு?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"உம்ம முதுகு ஒரு ஆளைச் சுமக்கிறதுக்கு உள்ளது. நீர் அதுக்கிட்ட ரெண்டு ஆளைக் கொடுத்திருக்கீர்."

"மூணு ஆளு, டாக்டர். கயித்துல ஒருத்தன் இருக்கான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தொழில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "அப்போ கேட்டுக்கிடும். அறுபது ராத்தல் குறையணும். கிழங்கை விடணும், தினம் நடக்கணும். கயிறு இழுக்கிறதை உடனே நிறுத்தணும். இப்படியே இழுத்தா ஒரு நாள் காலு ரெண்டும் உமக்குச் சொந்தமா இருக்காது."

கஸ்பார் எழுந்து சட்டையை மாட்டினார். கால் போய்விடும் என்ற சொல் அப்போது அவருக்குள் இறங்கவில்லை. இறங்கியது, நிறுத்தணும் என்ற சொல்தான். அவர் நிறுத்தினால் தொம்மையின் கயிற்றை யார் பிடிப்பது? இசபெல்லாவுக்கு வேறு அண்ணன் இல்லை. அந்நியன் கையை நம்பித் தொம்மை இறங்கமாட்டான். இறங்காவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. இறங்கினாலோ, அதைவிட மோசம். ஆகவே வலியைத்தான் நிறுத்த வேண்டும், வேலையை அல்ல என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டார். வீட்டில் டாக்டர் சொன்னதில் பாதியைச் சொன்னார். தொம்மையிடம் ஒன்றுமே சொல்லவில்லை. முதுகுவலி கயிறு இழுப்பதையே கெடுக்கிற அளவுக்கு இருப்பதை இரண்டு வருஷமாக மச்சினனிடம் அவர் மறைத்துத்தான் வந்திருந்தார்.

வைத்தியங்கள் நடந்தன. தைலம் தேய்க்கிறவர் ஒருவர் வந்து முதுகில் ஏறி மிதித்தார். இரண்டு நாள் கஸ்பாரால் திரும்பிப் படுக்க முடியவில்லை. மாதா கோயிலைச் சுற்றி முழங்காலில் வருவதாக நேர்ந்துகொண்டு, கால்வாசிச் சுற்று வந்து மாட்டிக்கொண்டார். நாலு பேர் தூக்கிவிட்டார்கள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி விக்டோரியா ஒத்தடம் கொடுத்தாள். "உப்பளத்தையே வறுத்தாலும் உமக்குக் காணாது" என்று வைதுகொண்டே கொடுத்தாள். ஒத்தடத்தில்தான் கொஞ்சம் சுகம் இருந்தது. அது கடலுக்குப் போகும் வரை நிற்கவில்லை.

கடைசியில் திருச்செந்தூர் பாதையில் ஒரு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அவர் அதிகம் கேட்கவில்லை. மிளகு அளவில் பன்னிரண்டு கறுப்பு உருண்டைகளைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.

"படுக்கப் போகையில ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. பகல்ல தொடாதேயும்."

"இதுல என்ன இருக்கு?"

"உமக்குத் தூக்கம் இருக்கு. அது போதாதா?"

முதல் இரவு கஸ்பார் பிணம் போலத் தூங்கினார். இரண்டாம் இரவும் அப்படியே. மூன்றாம் நாள் உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். படுக்கையில் வலித்தால் யாருக்கு நஷ்டம்? வலி இருக்கக் கூடாத இடம் வள்ளம். அப்படியிருக்க, இந்த மருந்தை இரவில் தின்று வீணாக்குவானேன்? வைத்தியருக்குக் கடல் வேலை தெரியாது. அதனால் இரவு என்று சொல்லியிருக்கிறார். யோசனையில் எங்கும் ஓட்டை தெரியவில்லை. அன்று இரவு வலியோடே படுத்தார். விடியற்காலையில் வள்ளம் ஏறுமுன் இரண்டு உருண்டைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இரண்டு போட்டது, வேலை இரண்டு மடங்கு என்பதால்.

கரைக்காற்றில் வள்ளம் ஆறு மைல் போவதற்குள் கொக்கி கழன்றுவிட்டது. முதுகு என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனது. கஸ்பார் வலமும் இடமும் திரும்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன மச்சான், புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீரு?" என்றான் தொம்மை.

"காத்து நல்லா இருக்கு மாப்பிள்ளை. இறங்கும்."

தொம்மை மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கினான். கல் அடியில் முட்டியதும் மாடக்கண்ணு அதை இழுத்துப் போட்டான். கஸ்பார் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஆள்கயிற்றை விரல்களில் ஓடவிட்டுக்கொண்டு, வழக்கம்போல மாதாவை வேண்டும் செபமான பிரியதத்த மந்திரத்தைத் தொடங்கினார். அவருக்கு அதுதான் கடிகாரம். ஐந்து பிரியதத்தம் சொல்லி முடிக்கும் சமயம் சுண்டு வரும். எட்டு வருஷத்தில் அது ஆறுக்குப் போனது இரண்டே தடவை.

முதலாவதைச் சொன்னார். இரண்டாவதைத் தொடங்கினார். தண்ணீரின் மேல் வெயில் விழுந்து நெளிந்தது. அந்த நெளிவு மிகவும் அழகாக இருந்தது. கயிறு கையில் இருந்தது; அது யாரோ ஒருவர் கையில் இருப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இரண்டாவது பிரியதத்தத்தின் நடுவில் ஒரு சொல்லில் நின்று, அந்தச் சொல்லையே திரும்பச் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். அவசரம் எதுவும் இல்லை. இன்னும் மூன்று இருக்கிறது.

"அண்ணாச்சி!"

யாரோ தூரத்தில் கூப்பிட்டார்கள்.

"அண்ணாச்சி! என்ன சங்கதி? ஆளு வரலையே!"

மாடக்கண்ணு அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். கஸ்பார் கயிற்றைப் பார்த்தார். அது அவர் விரல்களுக்கிடையே விறைத்து நின்றது. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறது? சுண்டு வந்ததா? ஒன்றா, மூன்றா? அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் முதலில் அவரை அடித்தது. எழுந்து இழுத்தார். கயிறு வந்தது. வந்த கனத்தில் ஆள் இல்லை.

வள்ளத்துக்குப் பத்துப் பாகம் தள்ளித் தண்ணீர் உடைந்தது. தொம்மையின் தலை வெளியே வந்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் இரத்தம் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை தலை உள்ளே போய் மறுபடி வந்தது. மாடக்கண்ணு குதித்துப் போய் அவன் தலைமயிரைப் பிடித்தான்.

இருவரையும் தூக்கிப் போட்டபோது கஸ்பார் உதவவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். யாரும் சொல்லாமலே இழுத்து முடித்தார். கயிற்றின் முனையில் வலைப்பை, சங்குகளோடு, முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. பையை விட்டுவிட்டு அவன் தனியாக ஏறியிருக்கிறான்.

"என்னடே நடந்தது?" என்று பிலேந்திரன் கத்தினார்.

தொம்மை இருமி, தண்ணீரைக் கக்கி, மல்லாந்து கிடந்தான். பிறகு சொன்னான்: "கயிறு பாறையில சிக்கிட்டு."

கஸ்பார் கயிற்றைப் பார்த்தார். எட்டுப் பாகத்திலும் ஒரு பிசிறு இல்லை; ஒரு கீறல் இல்லை. பிலேந்திரனும் அதைப் பார்த்தார். முதுகு அப்போதும் கொஞ்சமும் வலிக்கவில்லை என்பது கஸ்பாருக்கு அருவருப்பாக இருந்தது.

கரையில் பிலேந்திரன் அவரைத் தனியே அழைத்தார். "கஸ்பார், உம்ம கண்ணு சொருகினதை நான் பார்த்தேன். நாளன்னைக்கி வேற ஆளு கயிறு பிடிப்பான்."

பின்னால் நின்ற தொம்மை, "என் மச்சான் கையில்லாம நான் இறங்கமாட்டேன்" என்றான்.

"அப்போ ரெண்டு பேரும் கரையில கிடங்க."

மத்தியானம் கஸ்பார் தங்கச்சி வீட்டுக்குப் போனார். தொம்மை உள்ளறையில் மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்திருந்தான். இசபெல்லா தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கஸ்பார் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழ முடியாது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முதுகைச் சொன்னார், டாக்டர் சொன்னதைச் சொன்னார், உருண்டையைச் சொன்னார்.

"கயிறு பாறையில சிக்கல தங்கச்சி. அவரு சுண்டியிருக்காரு. எனக்குத்தான் தெரியல. உன் புருஷனை நான் கொன்னிருப்பேன்."

அவள் கை நின்றது. அவர் அடியை எதிர்பார்த்தார். ஒரு வசவையாவது எதிர்பார்த்தார்.

"மாத்திரை தின்னது இப்பத்தான் தெரியும். அதுக்கு உங்களை நான் என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல. ஆனா முதுகு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் அண்ணே."

"எப்படி?"

"இவருதான் சொன்னாரு. கயிறு வாரதுல தெரியுமாம். முன்னால ஒரே இழுவையா வருமாம்; இப்போ நின்னு நின்னு வருதுன்னாரு." மணையிலிருந்து கையை எடுத்தாள். "அதுலயிருந்து இவரு கயித்துல தொங்குறதே இல்ல. தானே நீந்தித்தான் ஏறுதாரு. கை மட்டும் கயித்துல கிடக்கும், உங்களுக்குத் தெரியாம இருக்க. பையிலயும் பாதிச் சங்குதான் போடுதாரு."

உள்ளேயிருந்து தொம்மையின் அடைத்த குரல் வந்தது: "முக்காலு. பாதின்னு சொல்லாத, இசபெல்லா."

கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டார். கிட்டங்கியில் தண்டு சமமாக நின்ற கணத்தில்கூட அவர் இப்படி ஆடவில்லை.

"அப்போ ரெண்டு வருஷமா நான் எதை இழுத்தேன்?"

இசபெல்லா மறுபடி மீனை எடுத்து அரிந்தாள்.

ஒவ்வொரு நாளும் கொக்கி முதுகைக் கிழிக்கக் கிழிக்க, தொம்மையைத் தாம் மேலே கொண்டுவருகிறோம் என்ற ஒன்றைச் சொல்லித்தான் அவர் பொறுத்திருந்தார். அந்த வலிக்கு அது விலை என்றுகூட நினைத்திருந்தார். வலி மெய்யாகவே இருந்தது, விலைதான் இல்லை. அதற்கும் மேல் ஒன்று மெல்லத் தெரிந்தது. இன்று தொம்மை பிழைத்தது எதனால்? எட்டுப் பாகமும் தானே நீந்தி ஏறிப் பழகியிருந்ததால். கயிற்றை நம்பித் தொங்குகிற வேறு எவனாவது இருந்திருந்தால், இந்நேரம் கோயில் மணி அடித்திருக்கும். அவரை நம்பாததால் அவன் உயிரோடு இருக்கிறான். நம்பாததை அவரிடம் காட்டிக்கொள்ளாமல், அவர் கையில்லாமல் இறங்கமாட்டேன் என்றும் சொல்கிறான். இதைப் பாசம் என்பதா, பொய் என்பதா என்று கஸ்பாரால் பிரிக்க முடியவில்லை.

உள்ளறை வாசலுக்குப் போனார். "மாப்பிள்ளை, இன்னும் ஒரு கடலுக்கு எனக்குக் கயிறு வேணும். பிலேந்திரன்கிட்ட நான் கெஞ்சிக்கிடுதேன். ஆனா நீரு நீந்தக் கூடாது. தொங்கணும். பையை நிறைக்கணும்."

"உமக்கு முதுகு போயிரும் மச்சான்."

"அதைத்தான் பார்க்கணும். இனிமே யாரும் யாருக்காகவும் நடிக்க வேண்டாம்."

மிச்ச உருண்டைகளை விக்டோரியா கொண்டுபோய்க் கடலில் எறிந்தாள். "மீனுக்காவது முதுகுவலி இல்லாம இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு வீடு வரும்வரை அழுதாள்.

ஒன்பது நாள் கழித்து, தொம்மையின் காது ஆறியதும், பிலேந்திரன் அரை மனதோடு இருவரையும் ஏற்றினார். இந்த முறை கஸ்பார் வெறும் கஞ்சித்தண்ணீர் மட்டும் குடித்திருந்தார். வலி கரையிலேயே தொடங்கிவிட்டது. வள்ளம் ஒவ்வொரு அலையில் ஏறி இறங்கும்போதும் அது ஏறி இறங்கியது. விளிம்பில் உட்கார்ந்து கயிற்றை விரலில் வாங்கினார். தொம்மை இறங்கினான்.

ஒன்று. இரண்டு. மூன்று. விரல் நுனியில் கயிற்றின் ஒவ்வொரு புரியும் தெரிந்தது. கீழே அவன் நகர்வதும், குனிவதும், நிற்பதும்கூடத் தெரிவது போலிருந்தது. முதுகு எவ்வளவு வலித்ததோ அவ்வளவு தெளிவாக விரலும் விழித்திருந்தது. நாலு. ஐந்தாவதில் பாதி.

சுண்டு வந்தது.

கஸ்பார் திடுக்கிட்டு எழுந்தார். இழுத்தார். முழு ஆள், முழுப் பை. இதன் கனத்தை அவர் மறந்தே போயிருந்தார். ஒரு பாகம் வந்தது, இரண்டு வந்தது. மூன்றாவதில் முதுகில் ஏதோ பூட்டிக்கொண்டது. கை விடவில்லை, ஆனால் இனி ஒரு சாண்கூட அவரால் இழுக்க முடியாது. இருநூற்று நாற்பத்தெட்டு ராத்தலும் அங்கே நட்டு வைத்த மரம் மாதிரி நின்றது. அந்தக் கனம் கயிற்றைத் தாங்கியது. ஏற்றுவதற்கு அது எதற்கும் உதவவில்லை.

கீழே அவன் தொங்கிக்கொண்டிருக்கிறான். நீந்தக் கூடாது என்று சொன்னவர் இவர்தான்.

எட்டு வருஷத்தில் கஸ்பார் சொல்லாத ஒன்றைக் கத்தினார்: "ஏலே மாடக்கண்ணு! பிடிலே!"

வள்ளத்தில் ஒருவரும் அசையவில்லை. அது ஆள்கயிறு. மாடக்கண்ணு தண்டலைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், கஸ்பாரின் முகத்தைப் பார்த்தான். ஒரே தாவலில் பின்னால் வந்து, அவர் கைகளுக்குப் பின்னே தன் கைகளைப் போட்டான். கயிறு ஒரே இழுவையாக வந்தது.

தொம்மையின் தலை வெளியே வந்தது. மூச்சை இழுத்து, கண்ணைத் துடைத்து, மேலே பார்த்தான். நாலு கைகளைக் கண்டதும் முகம் வெளிறியது.

"பின்னால யாரு கையி?"

"என் கைதான்" என்றான் மாடக்கண்ணு. "வேண்டாம்னா சொல்லும், விட்டுருதேன்."

"ஏலே, விட்டுராதலே!"

முதலில் சிரித்தவர் பிலேந்திரன். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பார் பலகையில் சரிந்து கிடந்தார். கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அது வலியால்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னார். அன்று மிச்ச முங்கல்களிலும் அவரைப் படுக்கவிடாமல் விளிம்பில் உட்கார வைத்தவன் தொம்மை. "நீரு சுண்டைப் பாரும். அவன் இழுக்கட்டும்" என்றான்.

மறுநாள் விடியலில் இசபெல்லா கரைக்கு வந்தாள். ஆள்கயிற்றின் நுனியை எடுத்து முதலில் அண்ணன் கையில் வைத்தாள். பிறகு அதன் மிச்சத்தை எடுத்து மாடக்கண்ணுவிடம் நீட்டினாள். சில கிழவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மாடக்கண்ணு கையை வேட்டியில் துடைத்தான். "எனக்கு ஏற்கெனவே நாலு தங்கச்சி இருக்கு தாயி."

"அஞ்சுன்னு வச்சுக்கிடும்."

"சீரு செய்யச் சொல்லக் கூடாது."

"கயித்தை விடாம இரும். அது போதும்."

அதற்குப் பிறகும் கஸ்பார் மொத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார். கயிறு இழுப்பதில்லை, பிடிப்பதோடு சரி என்று சொன்னபோது டாக்டர், "அதுவும் கூடாதுதான்" என்றார். ஆனால் முன்பு போலத் திட்டவில்லை. கட்டிலின் கீழிருந்த கிழங்குக் குவியலை விக்டோரியா அப்புறப்படுத்தினாள். காலையில் தெற்குக் கடற்கரை வழியாக நடந்தார்; நடை என்பதைவிட, நின்று நின்று போவது என்று சொல்லலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சுக் கிட்டங்கிக்குப் போய் ஏறி நின்றார். நிறுவைக்காரர் அதே ராகத்தில்தான் கூவினார். யுத்தம் முடிந்த மாதம் அது இருநூற்றுப் பதினாறு. மார்க்குப் போடுகிறவன், "சரக்கு வழியில கொட்டிப்போச்சா அண்ணாச்சி?" என்றான். இருநூறுக்குக் கீழே அது ஒருநாளும் வரவில்லை. கொக்கியும் முழுக்கக் கழலவில்லை.

இன்னும் நாலு சங்குக் காலம் அவர் அந்த விளிம்பில் உட்கார்ந்தார். பின்னால் மாடக்கண்ணு தயாராக நிற்க, பிரியதத்தத்தை எண்ணிக்கொண்டே விரல்களில் கயிற்றை ஓடவிட்டார். ஐந்தாவதில் சுண்டு வரும் என்று அவருக்குத் தெரியும். அது வரும்போதெல்லாம் திடுக்கிட்டார்.

"இவ்வளவு நாளாகியும் பழகலியா அண்ணாச்சி?" என்று மாடக்கண்ணு ஒரு நாள் கேட்டான்.

"பழகக் கூடாதுலே. இழு" என்றார் கஸ்பார்.